எதை எண்ணி விலை போடுகிறார்கள்?

அன்புள்ள நண்பருக்கு,

நலம், நலமறிய ஆவல். அலுவலகத்தின் சர்வர்களையும் மென்பொருள் உரிமங்களையும் கவனிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருப்பதையும், வந்த முதல் மாதத்திலேயே புதுப்பித்தல் தொகையைக் கண்டு திகைத்துப் போனதையும் எழுதியிருந்தீர்கள். "ஆட்களும் கூடவில்லை, கணினிகளும் கூடவில்லை, தொகை மட்டும் எப்படிக் கூடியது?" என்ற உங்கள் கேள்வியோடு நானும் சில ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருவதால், சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

விலை ஏறியிருப்பது உண்மைதான். ஆனால் எதை எண்ணி விலை போடுகிறார்கள் என்பது மாறியதுதான் பல இடங்களில் தொகை கூடியதற்குக் காரணம். பல செயலிகளை எழுதவும் ஓட்டவும் பயன்படும் ஜாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரக்கிள் நிறுவனம் முன்பு அதன் வணிகச் சந்தாவுக்கு கணினியின் மையச் சில்லான ப்ராசசர்களையோ பயனர்களையோ எண்ணிக் கட்டணம் வாங்கியது. 2023 ஜனவரியில் அந்த முறையை விட்டு, நிறுவனத்தின் மொத்த ஊழியர்களையும் எண்ணும் முறைக்கு மாறியது. முழுநேர ஊழியர், பகுதிநேர ஊழியர், தற்காலிக ஊழியர், நிறுவனத்தின் உள்வேலைகளுக்குத் துணைநிற்கும் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் என எல்லோரும் அந்தக் கணக்கில் வருகிறார்கள். அவர்கள் ஜாவாவைத் தொடுகிறார்களா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. 999 பேர் வரையுள்ள நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்ட விலை, தலைக்கு மாதம் 15 டாலர். 500 பேர் வேலை செய்யும் ஓர் இடத்தில் இரண்டே சர்வர்களில் ஜாவா ஓடினாலும், தள்ளுபடி இல்லாவிட்டால் ஆண்டுக்கு 90,000 டாலர் ஆகிறது. நல்லவேளையாக, ஓப்பன்ஜேடிகே என்ற திறமூல ஜாவாவின் அடிப்படையில் டெமுரின், கொரெட்டோ போன்ற இலவசத் தொகுப்புகள் இருக்கின்றன. உங்கள் பட்டியலில் ஆரக்கிள் ஜாவா இருந்தால், எந்தச் செயலிக்கு அது உண்மையிலேயே தேவைப்படுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

ஒரே சர்வரைப் பல மெய்நிகர் சர்வர்களாகப் பிரித்து ஓட்ட உதவும் விஎம்வேர் மென்பொருளின் கதை இன்னும் கடுமையானது. பிராட்காம் என்ற நிறுவனம் விஎம்வேர் நிறுவனத்தை வாங்கி முடித்தது 2023 நவம்பர் 22 அன்று. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையையும், ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் பிழைதிருத்தமும் உதவியும் தரும் ஆதரவு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள். பழைய உரிமத்தை வைத்திருப்பவர் மென்பொருளைத் தொடர்ந்து ஓட்டலாம். ஆனால் ஆதரவு ஒப்பந்தம் முடிந்ததும் அதை நீட்டிக்க வேண்டுமென்றால் சந்தாவுக்கு மாறியாக வேண்டும். அந்தச் சந்தா, ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர் எனும் பகுதிகளின் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு ப்ராசசரில் எட்டே கோர்கள் இருந்தாலும் குறைந்தபட்சம் 16 என்றுதான் எண்ணுவார்கள். எட்டு எட்டுக் கோர்களாக இரண்டு ப்ராசசர் கொண்ட பழைய சர்வருக்கு 32 கோர்களுக்குப் பணம் கட்ட வேண்டியிருப்பது இப்படித்தான். உங்கள் சர்வர்களின் வயதை நினைக்கும்போது உங்கள் தொகை உயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாடகை முறையே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஐபிஎம் 1969இல் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கும்வரை அது கணினி வாடகைக்குள்ளேயே அடங்கியிருந்தது. அடோபி 2013இலும் ஆட்டோடெஸ்க் 2016இலும் சந்தாவுக்கு மாறியபோது, ஒரே தவணையில் பெருந்தொகை கட்ட முடியாத சிறு நிறுவனங்களுக்கு அது கைகொடுத்தது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் நிரந்தர உரிமம் என்பது ஓர் உடைமை. காலவரம்பின்றி விற்ற உரிமத்தை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 ஜூலையில், பழைய உரிமங்களை விற்கும் யூஸ்டுசாஃப்ட் நிறுவனத்தின் வழக்கில், ஆரக்கிளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சந்தாவில் விற்பதற்கும் ஒன்றுமில்லை, கட்டுவதை நிறுத்தினால் கையில் நிற்பதற்கும் ஒன்றுமில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது செயற்கை நுண்ணறிவை முன்வைத்து நடக்கும் விலையேற்றம். 2025 ஜனவரியில் கூகுள், அதுவரை தனிக் கட்டணத்துக்கு விற்ற ஜெமினி என்ற செயற்கை நுண்ணறிவு வசதிகளை, அலுவலக மின்னஞ்சலும் ஆவணங்களும் அடங்கிய வொர்க்ஸ்பேஸ் வணிகத் திட்டங்களுக்குள்ளேயே சேர்த்து, விலையையும் உயர்த்தியது. பிசினஸ் ஸ்டாண்டர்டு திட்டம் ஆண்டு ஒப்பந்தத்தில் தலைக்கு மாதம் 12 டாலரிலிருந்து 14 டாலரானது. வேண்டாதவர்களும் அந்த இரண்டு டாலரைக் கட்டத்தான் வேண்டும். பயனருக்காகத் தாமே வேலைகளைச் செய்யும் செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கோ இன்னும் நிலையான ஓர் அலகே அமையவில்லை. வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருள் விற்கும் சேல்ஸ்ஃபோர்ஸ், தன் முகவருக்கு 2024 அக்டோபரில் ஓர் உரையாடலுக்கு 2 டாலர் என்று தொடங்கி, 2025 மே மாதத்தில் ஒரு செயலுக்கு 10 சென்ட் என்ற இன்னொரு கணக்கையும் கொண்டுவந்தது. முகவர் ஒரு மாதத்தில் எத்தனை செயல்கள் செய்யும் என்று எந்தக் கணக்காளர் முன்கூட்டியே சொல்ல முடியும்?

எங்களுக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கணக்குப்பதிவு மென்பொருளில் 30 பேருக்குச் சந்தா வைத்திருந்தோம். 12 பேர் விலகிய பிறகு எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி, ஒப்பந்தம் முடிய 40 நாள் இருக்கும்போது எழுதினோம். 60 நாளுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. யாரும் உட்காராத 12 நாற்காலிகளுக்கு இன்னும் ஓராண்டு கட்டினோம். அது விற்றவர்களின் சூழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களிடமிருந்து ஒரு நினைவூட்டலும் வரவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம், கிளவுட் சேவையிலிருந்து வேறொரு சேவைக்கு மாற விரும்புவோரிடம் இரண்டு மாதத்துக்கு மேல் முன்னறிவிப்புக் கேட்கக் கூடாது என்கிறது. மாறுவதற்கான கட்டணமும் 2027 ஜனவரி 12 முதல் அங்கே ஒழிகிறது. இப்படிப்பட்ட பாதுகாப்பு எல்லா இடத்துக்கும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நீங்கள் கையெழுத்திடும் முன், கடந்த மூன்று மாதங்களில் யார் யார் உள்நுழைந்தார்கள் என்ற பட்டியலை எடுத்துப் பாருங்கள். நான் பார்த்த இடங்களிலெல்லாம் சில பெயர்கள் வெறுமனே பட்டியலில் கிடந்தன. அடுத்த புதுப்பித்தலில் விலை எவ்வளவுக்கு மேல் ஏறாது என்பதையும், எண்ணும் அலகு ஒப்பந்தக் காலத்துக்குள் மாறாது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் தரவு முழுவதையும் ஒருமுறை வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறக்கிறதா என்றும் சோதித்துவிடுங்கள். அது திறந்தால், பேச்சுவார்த்தையில் உங்கள் குரலுக்கு வலு கூடும்.

ஒப்பந்தத்தில் "பயனர்", "ஊழியர்", "கோர்" போன்ற சொற்களுக்கு விளக்கம் தந்திருக்கும் பக்கத்தையும், புதுப்பித்தல் நாளையும் எனக்கு அனுப்பி வையுங்கள். இந்த வார இறுதியில் படித்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை அவர்களுக்கு எந்த ஒப்புதலும் தர வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்