வண்டியின் பின் கண்ணாடியை மாற்றச் சொல்லும் முன் ஒருமுறை மீட்டர் வையுங்கள்

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு பக்கம் தொழில் செய்யும் ஆட்டோ எலெக்ட்ரீசியன் அண்ணன் தம்பிகளுக்கும், சன் ஃபிலிம் ஒட்டும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

நான் பொள்ளாச்சிக்காரன், பம்ப்செட் மெக்கானிக். வால்பாறை எஸ்டேட்டுகளில் மோட்டார் பழுது பார்க்க மாதம் நாலைந்து முறை மலையேறுகிறேன். இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன்.

போன ஆனியில் ஒரு நாள் சாயங்காலம் வேலை முடித்து இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. உள்ளே நாலு பேர், நாலு பேரும் நனைந்த துணியோடு. கவர்கல் தாண்டி ஒரு வளைவில் கீழிருந்து பஸ் ஏறி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, அதனால் நான்தான் பின்னால் எடுக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் பின் கண்ணாடி சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. டீஃபாகர் பட்டனை அமுக்கினேன். பின் கண்ணாடியில் ஓடும் மெல்லிய கோடுகளைச் சூடாக்கி ஆவியை விலக்கும் ஏற்பாடு அது. பட்டனில் லைட் எரிந்தது, கண்ணாடி தெளியவே இல்லை. கூட வந்த பையன் மழையில் இறங்கி, பாடியைத் தட்டித் தட்டி "வரலாமுங்க, வரலாமுங்க, போதுமுங்க" என்று சொல்லச் சொல்லத்தான் எடுத்தேன். பின் சக்கரத்துக்கும் ஓரக் கல்லுக்கும் நடுவில் ஒரு முழம் இடம்தான் இருந்ததாம். ஆழியாறு வந்து டீ குடிக்கும்போதுதான் அதைச் சொன்னான்.

ஊருக்கு வந்து மூன்று கடை ஏறினேன். முதல் கடைக்காரர் வண்டியை எட்டிக்கூடப் பார்க்காமல், "அந்தக் கோடு போச்சுன்னா போனதுதானுங்க, கண்ணாடிய மாத்திப்போடோணும்" என்றார். இரண்டாவது கடையில், நன்றாக இருந்த ஃபியூஸைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய ஆம்பியர் ஒன்றைச் சொருகினார்கள். மூன்றாவது கடையில், கோடில்லாத சாதாக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒயரை டேப் சுற்றி விட்டுவிடலாம் என்றார்கள். மூன்று பேருமே தொழில் தெரிந்தவர்கள். ஒருவர்கூட வோல்ட் பார்க்கும் மீட்டரைக் கையில் எடுக்கவில்லை. என் வருத்தமெல்லாம் அதுதான்.

பெரிய ஃபியூஸ் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டீஃபாகர் பத்து, இருபது ஆம்பியர் இழுக்கிற சாமான். அந்த ஒயரைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் இருக்கிறது. அளவைக் கூட்டிப் போட்டால், கோளாறு வரும்போது ஃபியூஸ் போகாது, கேபினுக்குள் ஒயர் எரியும். தயவுசெய்து அதை யார் வண்டியிலும் செய்யாதீர்கள்.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்கிறேன். கண்ணாடியின் உள்பக்கம் ஓடும் கோடுகள் வெள்ளி கலந்த பசையை அச்சடித்துச் சுட்டவை. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பட்டை. ஒன்றில் 12 வோல்ட் வருகிறது, மற்றது எர்த். நடுவில் உள்ள ஒவ்வொரு கோடும் தனி ஹீட்டர் மாதிரி. ஒரு கோடு அறுந்தால் அந்தக் கோடு மட்டும்தான் வேலை செய்யாது. மொத்தமாகச் சூடு இல்லையென்றால் கண்ணாடியைக் குற்றம் சொல்வதற்கு முன் ஃபியூஸ், ரிலே (கரண்டை விடும், நிறுத்தும் சுவிட்ச்), பட்டையில் ஒயர் சேரும் தகட்டு முனை, எர்த் இந்த நாலையும் பார்க்க வேண்டும்.

கடைசியில் வீட்டு வாசலில் நானே உட்கார்ந்தேன். இன்ஜினை ஓடவிட்டேன், பல வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் டீஃபாகர் வேலை செய்யும். கொஞ்ச நேரத்தில் டைமர் தானாக ஆஃப் செய்துவிடும், அதைக் கோளாறு என்று நினைக்கக் கூடாது, மறுபடி அமுக்கிக்கொள்ள வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையில் சமையலறை அலுமினிய ஃபாயிலைச் சுற்றிக்கொண்டேன், கூர்முனை கோட்டைக் கீறாமல் இருக்க. கறுப்பு முனை பாடியில், பெயின்ட் இல்லாத இடத்தில். கோடு நல்லபடியாக இருந்தால் கரண்ட் வரும் ஓரத்தில் 12, நடுவில் 6, எர்த் ஓரத்தில் கிட்டத்தட்ட 0 காட்ட வேண்டும். இன்ஜின் ஓடுவதால் எண் கொஞ்சம் கூடும். என் வண்டியில் இந்த ஓரத்திலும் 13, அந்த ஓரத்திலும் 13. அதாவது எர்த் இல்லை.

ஓரப் பிளாஸ்டிக்கைக் கழற்றி எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கேபின் தகட்டில் அதை முடுக்கியிருந்த போல்ட்டுக்கு அடியில் புது பெயின்ட். முந்தின வருஷம் டிங்கரிங் செய்தபோது பெயின்ட் மேலேயே வாஷரை வைத்து முடுக்கிவிட்டார்கள். எமரி தாளால் தகடு பளபளக்கும்வரை தேய்த்து முடுக்கினேன். அவ்வளவுதான். கண்ணாடி மேல் வாயால் ஊதிப் பார்த்தேன், ஒவ்வொரு கோடாக ஆவி விலகியது. இரண்டு கோடு மட்டும் விலகவில்லை. அவற்றில் சிவப்பு முனையை நகர்த்திக்கொண்டே போனால் ஒரு இடம் வரை 13, ஒரு மயிரளவு தாண்டியதும் 0. வெட்டு அங்கேதான். அதை ஸ்பிரிட்டால் துடைத்து, கோட்டுக்கு மேலும் கீழும் டேப் ஒட்டி, மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பெயின்டை மெல்லிசாக இரண்டு கை பூசி, ஒரு நாள் காயவிட்டேன். சரியாகிவிட்டது. பட்டையிலிருந்து அந்தத் தகட்டு முனை கழன்றிருந்தாலும் வழி இருக்கிறது. வெள்ளி கலந்த ஈயத்தால் சீக்கிரம் பற்றவைக்கலாம், அல்லது மின்சாரம் கடத்தும் எபாக்சி போடலாம். ஃபெவிக்விக் வேண்டாம். தகட்டு முனை ஒட்டி நிற்கும், கரண்ட் போகாது.

அந்த இரண்டு வெட்டும் பிளேடு வெட்டு. ஃபிலிம் உரித்தபோது விழுந்தவை. ஃபிலிம் கடைத் தம்பிகளே, இது உங்களுக்கு. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடை செய்தபோது எத்தனை வண்டிகளில் பிளேடு போட்டு உரித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பின் கண்ணாடியில் பிளேடே வேண்டாம். சோப்புத் தண்ணீர் அடித்து, கறுப்புப் பாலித்தீனால் மூடி, நம்மூர் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். பசை இளகும். அப்புறம் கோடு ஓடும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். மிச்சப் பசையைத் துணியால் துடைத்தால் போதும்.

பிக்கப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பின் சீட்டுக்கு மேலே பைப்பையும் ஸ்பானர் பெட்டியையும் கண்ணாடியில் சாய்த்து வைக்காதீர்கள். கோடு உள்பக்கம்தான் இருக்கிறது, உரசி உரசி அறுந்துவிடும்.

காயில் எரிந்த மோட்டாரை யாராவது என்னிடம் கொண்டுவந்தால் தூக்கிப் போடச் சொல்வதில்லை, ரீவைண்டிங் செய்து ஓடவிடுகிறேன். கோயம்புத்தூர் பக்கம் எல்லாரும் அப்படித்தான். பின் கண்ணாடிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? ஒரு காரணம் எனக்குத் தெரிகிறது. பார்த்துச் சொல்வதற்கு நாங்கள் காசு தருவதில்லை, சாமான் மாற்றினால்தான் தருகிறோம். அந்தத் தப்பு எங்களுடையது. அரை மணி நேரம் மீட்டர் வைத்துப் பார்த்தால் அதற்கென்று கூலி சொல்லுங்கள், பேரம் பேசாமல் தருகிறோம். ஆடி மழைக்கு முன்னால் வால்பாறை, ஊட்டி, ஏற்காடு போகும் பிக்கப் எது சர்வீசுக்கு வந்தாலும், கேட்காவிட்டாலும் அந்தப் பட்டனை ஒருமுறை அமுக்கி, கண்ணாடி மேல் ஊதிப் பாருங்கள்.

அன்புடன்,
பொள்ளாச்சியிலிருந்து ஒரு பம்ப்செட் மெக்கானிக்