செல்வி எந்த ஆய்வகத்தில் சேரலாம்?

அன்புள்ள சங்கரன்,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. செல்வியின் பிஎச்.டி.க்கு நரம்பணுச் சுரப்பா (நரம்பணு தன் செய்தி வேதிப்பொருளை வெளியேற்றும் விதம்), பக்கவாதத்திலிருந்து மூளையைக் காப்பதா என்று கேட்டிருந்தாய். முதலில் சுரப்பு, பக்கவாதம் அப்புறம்.

சுரப்பு ஆய்வு, ஒரு கேள்வியைக் கடைசிவரை துரத்தக் கற்றுக்கொடுக்கும். டாலஸில் தாமஸ் சூடாஃப் குழு செய்ததைப் பார். நரம்பு முனையில் இருக்கும் சினாப்டோடேக்மின் என்ற புரதத்தின் மரபணுவை அடையாளம் கண்டது 1990இல். 1994இல் அது இல்லாத சுண்டெலியை உருவாக்கினார்கள். குளூட்டமேட் என்ற செய்தி வேதிப்பொருளைக் கால்சியம் தூண்டி வேகமாக வெளியேற்றுவது அடியோடு படுத்துவிட்டது. அதோடு விடவில்லை. 2001இல் அந்தப் புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலத்தை மாற்றினார்கள். கால்சியத்தைப் பற்றும் திறன் ஏறத்தாழப் பாதியானது, வெளியேற்றமும் அதற்கேற்பக் குறைந்தது. அப்போதுதான் கால்சியம் வந்ததை உணர்ந்து வெளியேற்றத்தைத் தொடங்கும் உணரி இதுவே என்பது உறுதிப்பட்டது. நோபல் வந்தது 2013இல்.

பக்கவாதத்தில் அதே குளூட்டமேட் அளவுமீறிக் கொட்டி நரம்பணுவைக் கொல்கிறது. ஆனால் அங்கே ஏமாறுவது சுலபம். குளூட்டமேட்டின் வேலையைத் தடுக்கும் எம்கே-801 என்ற மருந்து ஜெர்பில் எலிகளைக் காப்பாற்றியதாக நம்பினார்கள். உண்மையில் மருந்து உடல் வெப்பத்தைக் குறைத்திருந்தது. வெப்பத்தைக் குறையவிடாமல் வைத்துப் பார்த்ததும் பலனைக் காணோம். இது 1990இலேயே வெளிவந்துவிட்டது. அதனால் அறுவையின்போது மட்டுமல்ல, எலி கண்விழித்த பிறகும் பல மணி நேரம் 37 டிகிரியை ஒட்டியே வைத்திருக்க வேண்டும்.

பக்கவாதத்தை உண்டாக்க, சுண்டெலியின் கழுத்துத் தமனி வழியாக சிலிக்கோன் பூசிய மெல்லிய நைலான் இழையை மேலே செலுத்தி மூளைக்குப் போகும் இரத்தத்தை அடைப்பார்கள். எட்டாமல் நின்றால் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் அதிகம் போனால் நாளம் கிழிந்து மூளையைச் சுற்றி இரத்தம் கசியும். இரத்த ஓட்டத்தை அளக்கும் லேசர் டாப்ளர் கருவியில் ஓட்டம் பழைய அளவில் கால்பங்குக்கும் கீழே இறங்கியதைப் பார்க்காமல் அந்த எலியைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

இவ்வளவு செய்தும் மனிதரிடம் தோற்கலாம். டொரோண்டோவில் மைக்கேல் டிமியான்ஸ்கி குழு 2002இல் எலிகளில் பலன் கண்ட வழியிலிருந்து நெரினெடைட் என்ற பெப்டைடு (சிறு புரதத் துண்டு) மருந்து வந்தது. 1105 நோயாளிகளின் சோதனை முடிவு 2020இல் வெளியானபோது மொத்தத்தில் பலனில்லை. இரத்தக் கட்டியைக் கரைக்கக் கொடுக்கும் அல்டிப்ளேஸ் மருந்து உடலில் உண்டாக்கும் பிளாஸ்மின் என்ற நொதி இந்தப் பெப்டைடை வெட்டுகிறது என்றார்கள். அல்டிப்ளேஸ் பெறாதவர்களை மட்டும் சேர்த்த அடுத்த சோதனையும் கைகொடுக்கவில்லை. இத்தனை வருடம் பொறுக்க மனம் வேண்டும். இருந்தாலும் இந்த வேலைக்கு ஆள் வந்தே ஆகவேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

நேர்காணலுக்குப் போகும்போது செல்வி இரண்டு கேள்வி கேட்கட்டும்: எந்த எலிக்கு எந்த ஊசி என்ற பட்டியல் யாரிடம் இருக்கும், பலனை அளப்பவர் கண்ணில் படாமல் இருக்குமா? எலியின் வெப்பப் பதிவேட்டைக் காட்ட முடியுமா? தயங்கினால் வேறு ஆய்வகம் பார்க்கச் சொல்.

அன்புடன்,
முருகேசன்