வெஸ்ட் சரி, நைட் டிரெஸ் வேண்டாம்

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் சுகம். அவருடைய முட்டிவலி பழையபடிதான். சரசு அக்கா சென்னைக்கே திரும்பிப் போய்விட்டாள், இனி யாரிடம் போய் வம்பு பேசுவதோ!

பேத்தி பிறந்தநாளுக்குப் பழைய துணிக்கடையில் எழுபதுகளின் டிஸ்கோ உடுப்பு, வெள்ளி வெஸ்ட்டும் (கையில்லாத மேல்சட்டை) பெல்பாட்டமுமாக வாங்கினேன் என்று எழுதியிருக்கிறாயே! 1979 ஜூலையில் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ பிடிக்காமல் அந்த இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்த ஊரடி உன் சிகாகோ! அங்கேயே குழந்தைக்கு ஜிகினா மாட்டி ஆடவிடப் போகிறாய். உன் துணிச்சலே தனி.

அந்த வெள்ளி வெஸ்ட் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். லூரெக்ஸ் இழை மாதிரி இருக்கிறது. உள்ளே மெல்லிய அலுமினியம், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஏடு. இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கமே கொண்டுபோகாதே, சுருண்டுவிடும். உள்பக்கத் தையலைத் திருப்பிப் பார். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேர்ந்த, அமெரிக்கத் தையல் தொழிலாளர் சங்கத்தின் லேபிள் இருந்தால், 1974க்கும் 1995க்கும் நடுவில் தைத்தது. அந்தச் சங்கத்தில் பெரும்பாலும் பெண்கள்தான், அதிலும் பலர் பிழைக்க வந்தவர்கள். இரண்டு சாண் காலுக்கு அவ்வளவு அகலமான பெல்பாட்டம் வெட்டித் தைத்திருக்கிறார்களே, நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது. ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ என்ற டிஸ்கோ நடனப் படம் 1977இல் வந்தபோது, 17 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணையில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அப்புறம் 1979இல் வெட்டிக் குறைத்து மறுபடி வெளியிட்டார்கள். படம் பார்க்கமுடியாத பொடிசுகள்கூட அந்தப் படத்துப் பெரிய காலரை மாட்டிக்கொண்டு திரிந்தன!

இப்போது விளையாட்டில்லை, கவனமாகக் கேள். அதே கடையில் பளபளவென்று ஒரு பழைய நைட் டிரெஸ்ஸும் வாங்கியிருக்கிறாயே, அதைக் குழந்தைக்குப் போடாதே. எழுபதுகளில் குழந்தைகளின் இரவு உடை சட்டென்று தீப்பிடிக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதற்காகப் பாலியெஸ்டர், அசிடேட் துணிகளில் டிரிஸ் என்ற ரசாயனத்தை ஏற்றினார்கள். அது மரபணுவைச் சிதைக்கும், புற்றுநோய் உண்டாக்கும் என்று தெரிந்ததும் 1977 ஏப்ரலில் தடை செய்தார்கள். தோல் வழியாகவே உடம்புக்குள் போகிற சாமான் அது. உன்னுடையது எந்த வருஷமோ, லேபிளிலும் டிரிஸ் என்று எழுதியிருக்காது. துவைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். வேண்டாம். யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

வெஸ்ட்டுக்கு அந்தப் பயமில்லை. உள்ளே ஒரு பருத்தி பனியன் போட்டுவிடு, லூரெக்ஸ் அரிக்கும். லேபிளைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு. மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் அன்பு.

உன்,
ஜெயா