அப்பா, அந்த தலைவலியை ஏன் மறைச்சீங்க?

அன்புள்ள அப்பா,

போன்ல சொன்னா "சரி சரி, சாப்டியா"னு பேச்சை மாத்திடுவீங்க, அதனால இங்கயே எழுதறேன், நாலு பேர் படிக்கட்டும், அப்பதான் உங்களுக்கு உறைக்கும்.

அமெரிக்கால கொலராடோ மலைல இருக்கற ராக்கி மவுண்டன் நேஷனல் பார்க்ல நாம டென்ட் போட்ட மொரேன் பார்க் கேம்ப்கிரவுண்டே 8,000 அடிக்கு மேல. சென்னைல பிளைட் ஏறி டென்வர்ல இறங்கின மறுநாளே உங்களை அங்க கூட்டிட்டு போனது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா அரிசி வேகலைனு அடுப்பை திட்டினீங்களே, அடுப்பு என்ன பண்ணும், அந்த உயரத்துல தண்ணி கிட்டத்தட்ட 92 டிகிரிலயே கொதிச்சிடும், குக்கர் இல்லாம லேசுல வேகாது. அம்மா வந்திருந்தா முதல் வேலையா குக்கரைத்தான் எடுத்து வெச்சிருப்பாங்க.

அப்புறம் அந்த முறுக்கு. வாசனை வர்ற எதுவா இருந்தாலும், பேஸ்ட் சோப்பு கூட, இரும்பு லாக்கர்லதான் வெக்கணும், கரடி மோப்பம் பிடிச்சு வந்துடும்னு ரெண்டு தடவை சொன்னேன், நீங்களும் தலையாட்டினீங்க. ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள இருந்து கடக் முடக்னு சத்தம்! அங்க இருக்கறது கருப்பு கரடிதான், அதைவிட பெரிய கிரிஸ்லி கரடி கிடையாது, அதுக்குன்னு கூப்பிட்டு விருந்து வெக்கணுமா? சரி, அவ்ளோ கத்தியிருக்க வேணாம், மன்னிச்சிடுங்க.

விடியக்காலைல "யார்டா அது, எண்ணெய் போடாத கேட்டை திறக்கறது"னு என்னை எழுப்பினீங்க. செப்டம்பர்ல ஆண் எல்க், அதான் அந்த பெரிய மான், ஜோடி தேடி போடற சத்தம் அது. ஜிப்பை இறக்கினதும், நம்ம மூச்சே டென்ட் உள்பக்கம் உறைஞ்சு கிடந்தது, பொலபொலனு உங்க மூஞ்சில கொட்டிச்சு. நீங்க துடைக்கக்கூட இல்ல. புல்வெளில நின்னுட்டிருந்த அந்த மானையே பார்த்துட்டு இருந்தீங்க. அதுக்காகவே நான் இன்னும் பத்து தடவை வேகாத சோறு சாப்பிடுவேன்.

அன்னிக்கே டிரெயில் ரிட்ஜ் ரோட்ல மேல போயிருக்கக் கூடாதுப்பா. அந்த ரோட்டோட உச்சி 12,183 அடி, மரம்னு ஒண்ணு கூட இல்ல, பாறையும் புல்லும்தான். ஒரு பிகா, முயல் வகைல ஒரு குட்டி பிராணி, வாய் நிறைய புல்லை கவ்விட்டு பாறை இடுக்குல ஓடுச்சு, "பாரு, குளிர்காலத்துக்கு சேர்த்து வெக்குது"னு சிரிச்சீங்க, ஆனா கட்டைவிரல் மட்டும் நெத்திப்பொட்டை அழுத்திட்டே இருந்துச்சு. மூணு தடவை கேட்டேன். "ஒண்ணுமில்லடா, வெயில்." கடைசில காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தப்பதான் விஷயமே வெளில வந்துச்சு.

காத்துல ஆக்சிஜன் அங்கயும் அதே 21 சதவீதம்தான், ஆனா காத்தழுத்தம் கம்மி, ஒரு மூச்சுக்கு நம்ம ஊர்ல கிடைக்கறதுல மூணுல ஒரு பங்கு குறைஞ்சிடும். உடம்பு பழக ரெண்டு மூணு நாள் கேக்கும். இதுல வீரம் காட்ட ஒண்ணுமில்ல, வயசுக்கும் இதுக்கும் சம்பந்தமும் இல்ல, நல்லா ஓடற சின்னப் பசங்களுக்கே வரும். தலைவலி, குமட்டல்னா மேல ஏறாம நிக்கணும், அதிகமாச்சுன்னா இறங்கிடணும், அவ்ளோதான் வைத்தியம். கீழ வந்து ரெண்டு மணி நேரத்துல நீங்களே டீ கேட்டீங்களே.

அடுத்த செப்டம்பருக்கு ஆறு மாசம் முன்னாடியே சைட் புக் பண்ணிடறேன். முதல் ரெண்டு ராத்திரி டென்வர்ல, அப்புறம்தான் டென்ட். குக்கர் நான் எடுத்துக்கறேன். முறுக்கும் கொண்டு வாங்க, லாக்கர் பொறுப்பு மட்டும் என்னோடது.

உங்க பையன்