முதுகு காட்டி நிக்குற மனுஷன்

முரளி,

லெட்டர் கிடைச்சுதுடா. பாப்பா ஃபைன் ஆர்ட்ஸ் சேந்ததுல ரொம்ப சந்தோஷம், வீட்டுல அத்தனை பேரும் வேண்டாம்னப்ப நீ அவ பக்கம் நின்னியே, அதுல இன்னும் சந்தோஷம். இங்க எல்லாரும் சௌக்கியம், பெரியவன் வேலைக்குப் போயிட்டான்.

அவ ரூம் சுவத்துல இருக்குன்னு எழுதியிருந்தியே, பாறை மேல ஒரு ஆளு முதுகு காட்டி நிக்குறான், கீழ பூரா பனிமூட்டம்னு, அது காஸ்பார் டேவிட் ஃப்ரீட்ரிஷ்ங்கிற ஜெர்மன் ஓவியர் 1818 வாக்குல வரைஞ்சது. அப்படியே ஒரு இடம் நேர்ல கிடையாது, எல்பே ஆத்துப் பக்கத்து மலைகள்ல அங்கங்க போட்ட ஸ்கெட்ச எல்லாம் ஒண்ணா சேத்து வரைஞ்சிருக்காரு. மனுஷன் இயற்கையை ஜெயிச்ச மாதிரி இருக்குங்கிற. நிறைய பேர் அப்படித்தான் பாக்குறாங்க, ஆனா அவரோட கடல் படத்தைப் பாத்ததுக்கு அப்புறம் என்னால அப்படி நினைக்க முடியலடா.

அது 1808லேர்ந்து 1810க்குள்ள வரைஞ்சது. கரையில ஒரே ஒரு துறவி, அவ்ளோ பெரிய படத்துல கட்டெறும்பு மாதிரி, பின்னாடி கறுத்த கடல், மிச்சம் பூரா வானம். முதல்ல கப்பல்கள் வரைஞ்சிருக்காரு, அப்புறம் அவரே அது மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சுட்டாரு, அது இன்ஃப்ராரெட் படம் எடுத்துப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. கப்பல் இருந்திருந்தா கண்ணு அதைப் பிடிச்சுக்கும், இப்ப பிடிக்க எதுவுமே இல்ல, அந்த ஆளோட நாமளும் மாட்டிக்கிட்டோம். 1810ல பெர்லின்ல காட்சிக்கு வச்சப்ப, கண்ணிமையை அறுத்து எடுத்த மாதிரி இருக்குன்னு க்ளைஸ்ட்ங்கிற ஜெர்மன் எழுத்தாளர் எழுதினாரு. பிரஷ்யா ராஜா அதை வாங்கிட்டாரு, இன்னிக்கும் பெர்லின்லதான் இருக்கு.

1787ல, ஃப்ரீட்ரிஷோட சின்ன வயசுல, ஐஸ் உடைஞ்சு அவரு கூடப்பொறந்தவன் முங்கி செத்துட்டான், இவரைக் காப்பாத்தப் போய்னு சொல்லுவாங்க. அதை மட்டும் வச்சு எல்லாப் படத்தையும் விளக்குறவங்களை எனக்குப் பிடிக்காது, ஆனா தண்ணியைப் பாத்து அவருக்கு இருந்த பயமும் மரியாதையும் பொய் இல்ல. முகத்தைக் காட்டாததும் அதுக்குத்தான்னு நினைக்குறேன், முகம் தெரிஞ்சா நாம அவனைப் பாப்போம், முதுகுன்னா அவன் பாக்குறதைப் பாப்போம். அந்தப் பாறை மேல நிக்குறவனும் ஜெயிச்சவன் இல்லடா, இதுக்கு மேல கால் வைக்க இடம் இல்லாம நின்னுட்டவன்.

பாப்பாவை அந்தத் துறவி படத்தையும் பாக்கச் சொல்லு, ஃபோன்ல வேண்டாம், ஆளே தெரியமாட்டான், காலேஜ் லைப்ரரியில பெரிய புக் இருக்கும். தைக்கு வர்றேன், அம்மாகிட்ட சொல்லிடு.

உன்
சேகர்