ஒரே கண்மாய்க்கு ஒரு வருஷம் போ, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டிருந்தாய். கொடைக்கானல் போகலாமா என்றும் கேட்டாய். இதே கேள்வியோடு மதுரையில் மாட்டுத்தாவணியிலிருந்து திருநகர் வரை எத்தனையோ அப்பாக்கள் இருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

கொடைக்கானலை வருஷத்துக்கு ஒரு தடவைக்கு வைத்துக்கொள். போக மட்டும் 120 கிலோமீட்டர். வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது சின்னவனுக்குக் குமட்டும், மேலே போனதும் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் தீர்ந்துவிடும். அதற்குப் பதிலாக வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்மாயைப் பிடி. பதினைந்து நாளைக்கு ஒரு முறை அதே கண்மாய்க்கு, அதே கரைக்கு, ஒரு வருஷம் போ. ஐப்பசியில் அலையடித்த தண்ணீர் பங்குனியில் எங்கே போச்சு என்று பெரியவள் தானாகக் கேட்பாள். பத்து ஊரை ஒவ்வொரு தடவை பார்த்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி வராது.

உனக்குப் பக்கம் மாடக்குளம். பாண்டியர் காலக் கல்வெட்டுகள் நம் ஊரை ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்று சொல்கின்றன. ஊருக்கே அந்தக் குளத்தை வைத்துத்தான் முகவரி. இதை மட்டும் பெரியவளிடம் சொல்லிவிட்டுக் கரையில் நிறுத்து, மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். அண்ணா நகர்க்காரர்களுக்கு வண்டியூர் கண்மாய், திருப்பரங்குன்றம் பக்கம் தென்கால், நிலையூர், சிந்தாமணிப் பக்கம் சாமநத்தம்.

வெள்ளனக் கிளம்பு. எட்டு மணிக்குப் போனால் பறவையும் இருக்காது, பிள்ளைக்குப் பொறுமையும் இருக்காது. விடியும்போது கரையில் நிற்கவேண்டும். வைகாசியில் ஆறு மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், தையில் சூரியன் வர ஆறரை தாண்டும். ஒன்பதரைக்குள் வீட்டில் இரு. நம் பக்கத்து நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால் பல கண்மாய்களுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான் இருக்கும். காலையில் அந்தக் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும், தண்ணீரில் இருக்கிற பறவையின் நிறம் அப்படியே தெரியும். அதே இடத்தில் சாயங்காலம் நின்றால் வெயில் கண்ணில் அடிக்கும், எல்லாப் பறவையும் கருப்பு நிழல்தான். ‘போனோம், ஒண்ணும் தெரியல’ என்பவர்களில் பாதிப் பேர் சாயங்காலம் போனவர்கள்.

சாப்பாட்டுக்கு முதல்நாள் ராத்திரி ஊற்றிய இட்லியில் நல்லெண்ணெயும் பொடியும் இரண்டு பக்கமும் தடவி எடுத்துக்கொள், போதும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயில் ஏறினால் புளித்துவிடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அதிகாலை நாலு மணிக்கு உன் வீட்டுக்காரியை எழுப்பிப் புளியோதரை கிளறச் சொன்னால் அது உனக்குத்தான் உல்லாசப் பயணம், அவளுக்கு இல்லை. பொடி தடவுகிற வேலை உன்னுடையது.

காலில் ரப்பர் செருப்பு போடாதே. கரை முழுக்கச் சீமைக்கருவேல முள், செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். அடி கனமான ஷூ எல்லாருக்கும் வேண்டும். தண்ணீரில் இறங்கவே கூடாது என்பதை முதல்நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடு. உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பில், வண்டல் அள்ளிய குழிகள் இருக்கும். தண்ணீர் மூடியபின் கணுக்கால் ஆழமும் ஆளுயரப் பள்ளமும் மேலே ஒரே மாதிரிதான் தெரியும். வயலுக்குத் தண்ணீர் விடும் மடை திறந்திருந்தால் அதன் பக்கம் இழுப்பும் இருக்கும்.

முதல் இரண்டு தடவை பறவையை விட்டுவிட்டுக் கண்மாயைப் படிக்கச் சொல். இது கரை, இது உள்வாய், இது மடை, அது கலிங்கு. கண்மாய் நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வெளியேறினால் ‘மறுகால் பாயுது’ என்போம். கலிங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருந்தால் அவை அழகுக்கு இல்லை. மழைக்காலம் முடிகிற நேரத்தில் அந்தக் கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்குவார்கள். மழை கொட்டும்போது அடைப்பை எடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் கரை உடைந்துவிடும்.

பழைய கண்மாய்களில் கரையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே, தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண்களும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களும் நிற்கும். அதுதான் குமிழித் தூம்பு. அடியில் கல் தொட்டி ஒன்று. அதன் மூடியில் ஒரு துளை, அது நீரோடி. தரையை ஒட்டிச் சின்னத் துளைகள், அவை சேறோடி. மேலே இருக்கும் அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் நீரோடி வழியாகப் பாயும், அந்த வேகத்தில் அடியில் படிந்த சேறும் கலங்கிச் சேறோடி வழியாகக் கூடவே போகும். வயலுக்கு வண்டல் கிடைக்கும், மடைப் பக்கம் தூர் சேராது. பல இடங்களில் இப்போது இரும்பு ஷட்டர் வந்துவிட்டது. உங்கள் கண்மாயில் எது இருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீ முந்திக்கொண்டு சொல்லாதே. அப்பாக்கள் செய்கிற பெரிய தப்பே அதுதான், எல்லாவற்றையும் விளக்கிவிடுவது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடு. தேதி, மழை உண்டா இல்லையா, தண்ணீருக்கு மேலே மடைத் தூணிலோ படிக்கட்டிலோ எத்தனை கல் தெரிகிறது. இவ்வளவுதான் எழுதவேண்டும். கல்லை எண்ணுகிற வேலையைச் சின்னவனிடம் விடு. ஆறு மாதம் கழித்து அந்த எண்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு வருஷத்து மழையும் வெயிலும் அதில் இருக்கும்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் அவசரப்படாதே. பெட்டியில் 8×42 என்றிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்று அர்த்தம். 10 மடங்கு வாங்கினால் பெரிதாகத் தெரியும் என்று கடைக்காரர் சொல்வார். பிள்ளை கை நடுங்குகிற நடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகும், பார்க்கிற பரப்பும் சுருங்கும், பறவை அதற்குள் அகப்படாது. 8×30 அல்லது 8×32 சின்னக் கைக்குக் கனமில்லாமல் இருக்கும். கடையிலேயே பெரியவள் கண்ணில் வைத்துப் பார். பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணுக்கும் இடைவெளி குறைவு. கருவியை முழுக்க மடக்கியும் இரண்டு வட்டமாகவே தெரிந்தால் அது அவளுக்கு ஆகாது. ஒரே வட்டமாகத் தெரிய வேண்டும். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்கு. அடுத்து இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பு. அந்த வளையத்தை அப்படியே விட்டுவிட்டு, இனி நடுச் சக்கரத்தை மட்டும் பயன்படுத்தினால் போதும். இது தெரியாமல் ‘மங்கலா இருக்கு’ என்று அலமாரியில் கிடக்கும் பைனாகுலர்கள் ஊரில் நிறைய.

ஒரு நாளைக்கு ஐந்து பறவைக்கு மேல் வேண்டாம். தண்ணீரில் சட்டென்று மறையும் முக்குளிப்பானில் ஆரம்பி. முங்கியதும் பிள்ளைகள் ஒன்று இரண்டு என்று எண்ணட்டும், எங்கே எழும்பும் என்று பந்தயம் கட்டட்டும். கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளியே தெரிந்தால் பாம்புத்தாரா. அதன் இறகில் தண்ணீர் ஊறிவிடும் என்பதால்தான் கரையேறியதும் துணி காயப்போட்ட மாதிரி சிறகை விரித்து நிற்கிறது. நத்தைக்கொத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும், குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று நேர்க்குத்தாக விழும். தாமரையோ அல்லியோ படர்ந்த பக்கம் நீளவால் இலைக்கோழி கிடைத்தால் விடாதே. அதில் பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் சேவல்தான். உன் வீட்டுக்காரி இதை ரசிப்பாள்.

ஆள்காட்டி தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால், குறிப்பாக வெயில் மாதங்களில், நீ அதன் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறாய். கூடு கட்டாது, வெறுந்தரையில் கல்லோடு கல்லாக இட்டு வைத்திருக்கும். அப்படியே நின்று காலடியைப் பார், வந்த வழியே திரும்பு. பிள்ளைகள் தேடிப் போனால் மிதித்துவிடுவார்கள்.

புரட்டாசி முதல் மார்கழி வரை தண்ணீர், தை முதல் பங்குனி வரை பறவை. அதன்பின் கண்மாய் வற்றும். அப்போது பலர் போவதை நிறுத்திவிடுகிறார்கள். மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அந்தக் கோடையில்தான் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை என்று மீன்பிடிக் கருவிகளோடு சனம் மொத்தமும் உள்ளே இறங்கும். நீ கரையில் நின்று பார், கேட்காமல் இறங்காதே. மற்ற நாட்களில் தூண்டில் போட ஆசை வந்தாலும் முதலில் விசாரி. பல கண்மாய்களில் மீன் குத்தகைக்குப் போயிருக்கும்.

ஆடி பிறந்தால் அதே கண்மாயின் வறண்ட உள்வாய்தான் பட்டம் விட நல்ல இடம். மரமும் கிடையாது, மின்கம்பியும் குறைவு. பட்டத்தைக் கடையில் வாங்காதே. இரட்டைப் பக்கமாக விரித்த செய்தித்தாளில் 40 சென்டிமீட்டர் சதுரம் வெட்டு. மூலைக்கு மூலை 56 சென்டிமீட்டர் வரும், அந்த நீளத்துக்கு நடுக்குச்சி. குறுக்கே வளைத்து வைக்கும் வில்குச்சி 66 சென்டிமீட்டர். மூங்கில் கிடைக்காவிட்டால் விளக்குமாற்று ஈர்க்கு போதும். ஆனால் ஈர்க்கு ஒரு முனை தடிமன், மறுமுனை மெல்லிசு. ஒற்றை ஈர்க்கில் வில் வளைத்தால் ஒரு பக்கம் அதிகமாக வளையும், பட்டம் அந்தரத்தில் குட்டிக்கரணம் போடும். இரண்டு ஈர்க்கை அடியும் நுனியும் மாற்றிச் சேர்த்து ஐந்து இடத்தில் நூலால் கட்டு. ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை அல்லது மைதாப் பசை. ஈரம் முழுக்கக் காயாமல் வெயிலில் வைத்தால் தாள் சுருங்கி முறுக்கிக்கொள்ளும், நிழலில் காயவை.

சூத்திரம், அதாவது பட்டத்தைப் பறக்கவிடும் நூலோடு இணைக்கும் கட்டு, அதைக் கட்டுவதுதான் முக்கியம். குச்சிகள் கூடும் இடத்தில் ஒரு முனை, வாலிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே நடுக்குச்சியில் மறுமுனை. முடிச்சு போடும்போது மேல் நூலைவிடக் கீழ் நூல் இரண்டு விரல் அகலம் நீளமாக இருக்கட்டும். பட்டம் மேலே ஏறாமல் பின்னால் தாழ்ந்து இழுத்துக்கொண்டே போனால் முடிச்சைத் தலைப் பக்கம் கொஞ்சம் நகர்த்து. காற்றைப் பிடிக்காமல் படபடவென்று அடித்தால் வால் பக்கம் நகர்த்து. ஒரு தடவைக்கு அரை விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம். ஒரே பக்கம் சுற்றினால் நடுக்குச்சியை விரலில் வைத்து நிறுத்திப் பார், லேசான பக்கம் ஒரு துண்டுத் தாள் ஒட்டு. அதற்கும் அடங்காவிட்டால் பழைய வேட்டியில் மூன்று விரல் அகலக் கிழிசல், மூன்று மீட்டர் நீளத்தில் வால். ஆடிக் காற்றுக்கு வால் எப்படியும் தேவைப்படும்.

காற்றுக்கு முதுகைக் காட்டி நீ நில், பெரியவள் இருபது அடி எதிரே பட்டத்தைத் தலைக்கு மேல் பிடிக்கட்டும். ஓட வேண்டாம். காற்று வீசும்போது விடச் சொல்லி நூலை இழுத்துக் கொடு. நூல் வெறும் பருத்தி நூலாக இருக்கட்டும். மாஞ்சா பூசியதும் நைலானும் கூடவே கூடாது. வண்டியில் போகிறவர் கழுத்தை அறுக்கும், பறவையின் சிறகை அறுக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இலேயே நாடு முழுக்கத் தடை போட்டிருக்கிறது. அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் விமான நிலையம் இருப்பதால் அங்கே பட்டமே வேண்டாம். கம்பியில் சிக்கினால் அறுத்து விட்டுவிடு, குச்சியால் எடுக்கப் போகாதே.

நடுவே ஒரு மாறுதல் வேண்டுமென்றால் கீழக்குயில்குடி சமணர் மலை, அங்கே செட்டிப்புடவு குகை வரை நடந்துவிட்டு வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். இல்லையென்றால் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே தண்ணீரைப் பார்க்காமல் பாறை உச்சியைப் பார்க்கச் சொல், வல்லூறும் இராசாளியும் அங்கேதான் உட்காரும். அந்தப் பக்கத்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தான கதையைப் போகும் வழியில் சொல்லு. ஊர்க்காரர்களிடமே கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

இந்தச் சனிக்கிழமை வாங்க வேண்டியது நோட்டு, பென்சில், சின்னவனுக்கு ஷூ. பைனாகுலர் மூன்றாவது தடவைக்குப் பிறகு போதும், அதற்குள் யார் உண்மையிலேயே கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்