உன் மகளுக்கும் சேர்த்து ஒரு கடிதம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சாள்,

நலம், நலமறிய ஆவல். மகள் கல்முனையில் நேர்ஸிங் அசிஸ்டன்ட் படிப்புக்குச் சேர்ந்துவிட்டாள் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோசம். நீதான் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதியிருக்கிறாய், "பெட்பான் தூக்கவா படிக்க வைத்தேன்" என்று. சும்மா இரு கா. இத்தனை வருசம் அதைத் தூக்கித்தான் நான் வீடு கட்டினேன்.

எங்கே வேலை கிடைக்கும், என்ன வேலை என்று அவள் கேட்கச் சொன்னாளாம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதை எதற்காகச் செய்கிறோம் என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும். அது பிடிபடாதவள் எவ்வளவு ஓடி ஓடி வேலை செய்தாலும் பிரயோசனம் இல்லை.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மாதிரிப் பெரிய இடத்தில் வருத்தக்காரர் சில நாள்தான் இருப்பார். விசேட சிகிச்சை எல்லாம் அங்கே. திருக்கோவிலில் உங்களிடம் இருப்பது ஆதார வைத்தியசாலை. அதற்குக் கீழே பிரதேச வைத்தியசாலைகள், அதற்கும் கீழே, மருந்து விபரம் எழுதிய கிளினிக் கொப்பியோடு சனம் வரிசையில் நிற்கும் சின்னப் பிரிவுகள். பெரிய வார்ட்டில் நேரம்தான் முதலாளி. வெப்பம், பிறசர், குடித்த தண்ணீர், போன சிறுநீர், எல்லாம் அளந்து நேரத்துக்கு எழுத வேண்டும். கையைவிடக் கண்தான் அங்கே வேலை செய்யும். இன்சுலின் போட்ட சீனி வருத்தக்காரர் சாப்பாட்டைத் தொடாமல் வைத்திருந்து, பிறகு வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழம்பினால் சீனி குறைந்திருக்கலாம். மருந்து கொடுப்பது அவள் வேலையில்லை. கண்டவுடன் நேர்ஸிடம் ஓடிப்போய்ச் சொல்வதுதான் அவள் வேலை. அதைச் செய்தாலே ஒரு உயிர்.

பாரிசவாதம் வந்து வீடு திரும்பியவர்களின் கதை வேறு. எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா இருக்கிறார், இடது கை, கால் வழங்காது. மனிசி பாசத்தில் எல்லாவற்றையும் தானே செய்கிறா: ஊட்டுகிறா, உடுத்துகிறா, தலை வாரிவிடுகிறா. ஐயாவுக்கு நல்லாக இருக்கிற வலது கையும் மடியில் சும்மா கிடக்கிறது. நான் போய்ச் சட்டை போடப் பழக்கினேன். போடும்போது வழங்காத கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். வழங்காத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது, தோள்மூட்டு விலகிப்போகும். நான் போட்டுவிட்டால் ஒரு நிமிசம். அவர் போட்டால் தேத்தண்ணி ஆறிவிடும். ஆனால் அந்த நேரத்தை அவருக்குக் கொடுப்பதுதான் அங்கே வைத்தியம். வார்ட்டின் அவசரத்தை இங்கே கொண்டுவந்தால் அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டது மாதிரி.

சாப்பாட்டிலும் கவனம். நிமிர்ந்து கதிரையில் இருக்க வேண்டும், நாடியை நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் தாழ்த்தி, சின்னக் கரண்டி, விழுங்கிய பிறகே அடுத்தது. குடித்ததும் குரல் களகளவென்று கேட்டாலோ இருமினாலோ நிறுத்து. தண்ணி தொண்டை மாறி நெஞ்சுக்குப் போகிறது. சாப்பிட்டவுடன் படுக்கவிடாதே. இன்னொன்று: யாருக்காவது திடீரென்று வாய் கோணி, ஒரு கை சோர்ந்தால் எண்ணெய் பூசிக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு எடுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை 4½ மணித்தியாலத்துக்குள்தான் போடலாம்.

முதியோர் இல்லம் என்றால் அது அவர்களுடைய வீடு. கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அம்மம்மாமாரை வரிசையாகக் கதிரையில் வைத்து விடியச் சாமத்தில் குளிப்பாட்டுவது எனக்குப் பிடிக்காது, எங்கே நடந்தாலும். நம் வாவிக்குள் மாந்தீவு இருக்கிறதே, தொழுநோய்க்காரருக்கு ஆஸ்பத்திரி கட்டிய தீவு. கூட்டு மருந்து 1980களில் வந்த பிறகு அந்த நோய் மாதக்கணக்கில் சுகமாகிறது. ஆனால் ஊர் திரும்ப ஏலாதவர்களுக்கு நோய் போன பின்னும் ஒரு இடம் வேண்டுமே. பராமரிப்பு மருந்தோடு முடிவதில்லை மச்சாள்.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பக்கத்தில் நேர்ஸ் இல்லை, கூப்பிட டொக்டர் இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் குதிக்காலிலும் முதுகடியிலும் முதலில் சிவக்கும், பிறகு புண்ணாகும். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ மகன் சொன்னாலும் செய்யக்கூடாது, கிளினிக் கொப்பியில் உள்ளதுதான். வருத்தக்காரரைப் பார்க்க வந்தவளிடம் சமையலும் உடுப்புத் தோய்ப்பும் தலையில் விழும். என்ன வேலை, என்ன நேரம், என்ன சம்பளம் என்று முதல் நாளே பேசிவிடச் சொல்லு. வெட்கப்பட்டால் நாய்ப்பாடு.

கடைசிக் காலத்துப் பராமரிப்பைப் பற்றி அவளுக்கு இப்போதே அதிகம் சொல்லாதே. புற்றுநோய் முற்றியவர் சோறு வேண்டாம் என்றால் திணிக்காமல், உதட்டை ஈரமாக வைத்து, வலி மருந்தை வலி வரும்வரை காத்திராமல் நேரத்துக்குக் கொடுக்கச் சொல்லி அவள் நேர்ஸுக்கு நினைவூட்டினால் போதும்.

வெளிநாட்டுக் கதை எழுதியிருந்தாய். இஸ்ரேல், ஜப்பான் என்று ஏஜென்ட் ஆட்கள் வீட்டுக்கே வருகிறார்களாம். முதலில் என்விகியூ என்ற தொழில் தகைமைச் சான்றிதழை எடுக்கட்டும், ஒரு வருசமாவது இங்கே வார்ட்டில் நிற்கட்டும். ஏஜென்சி அரசாங்கத்தின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவா என்று பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதே. கழுத்துச் சங்கிலி கழன்று போன கதைகள் ஊருக்குள் நிறைய.

பயிற்சிக்கு நகம் வெட்டி, வளையல் மோதிரம் இல்லாமல், சத்தம் போடாத சப்பாத்தோடு போகச் சொல்லு. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவில் வருவேன். பிள்ளைக்குக் கேள்விகள் இருந்தால் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும், இருந்து பேசுவோம். எனக்கு எருமைத் தயிர் ஒரு முட்டி எடுத்து வை.

அன்புடன்,
உன் மச்சாள்